19 ஆம்பியர் சம்பளம்

பாடி வழியாகப் போகும் பஸ்களில் கண்டக்டர் 'லூகாஸ்லாம் எறங்கு' என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த லூகாஸ் யார் என்று தெரியும்? யாரோ பாதிரியார் பெயர் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஜோசப் லூகாஸ் பாதிரியார் இல்லை. பர்மிங்ஹாம் தெருக்களில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்ற மனிதர். அப்புறம் விளக்கு விற்றார். சைக்கிளுக்கு அவர் செய்த விளக்கின் பெயர் 'சாலையின் அரசன்'. குடும்பம் வளர்ந்து கம்பெனியாகி, இங்கிலாந்தில் ஓடின கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டைனமோ, செல்ஃப், ஹார்ன், விளக்கு எல்லாம் அவர்கள் சப்ளைதான் என்று ஆயிற்று. 1961-ல் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து இங்கே கம்பெனி தொடங்கினார்கள். பஸ் ஸ்டாப் வந்த கதை அதுதான்.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் லூகாஸுக்கு வேறொரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள்: இருளின் இளவரசர். ராத்திரியில் நடுவழியில் விளக்கு அணைந்துபோன அனுபவம் அவர்களுக்கு நிறைய. 'இங்கிலீஷ்காரன் ஏன் பீரைக் குளிர வைக்காமல் குடிக்கிறான்? அவன் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ்' என்பது அவர்கள் ஜோக்.

இந்த ஜோக்கை என் பெரிய மாமாவிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் காபி எதிர்பார்க்க முடியாது. மாமாவிடம் ஒரு மாரிஸ் மைனர் இருக்கிறது. 1957 மாடல். டீ எஸ்டேட் மானேஜர் ஒருவரிடமிருந்து தாத்தா வாங்கினது. 948 சி.சி. இன்ஜின், புதிதாக இருந்தபோது 37 குதிரை சக்தி. திரும்ப வேண்டுமென்றால் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கை ஒன்று எழுந்து நிற்கும். ட்ராஃபிகேட்டர். இன்றைக்கும் வேலை செய்கிறது. பின்னால் வருகிற பைக்காரர்களுக்குத்தான் அது என்னவென்று புரிவதில்லை.

மாமா அந்தக் காரை கண்காட்சிக்காக வைத்திருக்கவில்லை. ஓட்டுகிறார். மாதம் ஒரு முறை மாமியை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போய் வருகிறார். எழுபத்தாறு வயது. 'ராத்திரில வேண்டாம் மாமா' என்று நாங்கள் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. 'நீங்கள்லாம் பகல்ல ஓட்டறதைவிட நான் ராத்திரில ஒழுங்கா ஓட்டுவேன்' என்பார். அது உண்மைதான். பிரச்னை மாமாவிடம் இல்லை. காரின் முன்பக்கம் இன்ஜினை ஒட்டி உருளையாகத் தொங்கிக்கொண்டிருந்த டைனமோவிடம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி ராத்திரி. காஞ்சிபுரத்திலிருந்து திரும்புகிறோம். நான் முன் சீட்டில், மாமி பின்னால். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஆரம்பத்தில் சுறுசுறுப்பாகத்தான் ஆடிற்று. டோல்கேட் வரிசையில் பத்து நிமிஷம் ஊர்ந்ததும் ஹெட்லைட் மஞ்சளாயிற்று. அப்புறம் ஆரஞ்சு. வைப்பர் பாதி தூரம் போய் யோசித்துவிட்டுத் திரும்பியது. மாமாவுக்கு இதெல்லாம் பழக்கம். கொஞ்ச நேரம் வைப்பரை நிறுத்தி விளக்குக்குக் கரண்ட் கொடுப்பார். கண்ணாடி மறைத்ததும் விளக்கைக் குறைத்து வைப்பருக்குக் கொடுப்பார். ஒரு மகனுக்கு ஃபீஸ் கட்ட இன்னொரு மகனின் ஃபீஸை ஒத்திப்போடும் அப்பா மாதிரி. அப்படி விளக்கைக் குறைத்த ஒரு தருணத்தில் முன்னால் ஏதோ சுவர் மாதிரி தெரிந்தது. பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், வைக்கோல் ஏற்றினது. மாமா சரியான நேரத்தில் பிரேக் அடித்தார். டிரம் பிரேக். நின்ற இடத்துக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான்.

மாமி எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, 'இனிமே நான் பஸ்ல போய்க்கறேன்' என்றாள். ஐம்பது வருஷமாக அந்தக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தவள். மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் அவரே போன் பண்ணினார். 'ஆல்டர்னேட்டர்னு ஏதோ சொல்லுவியே, அது என்ன விலை?'

விலையைச் சொல்வதற்கு முன் டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிவிடுகிறேன். காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் சுற்றினால் மின்சாரம் பிறக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? டைனமோவில் அந்தப் பிறப்பு நடப்பது சுழலும் ஆர்மேச்சரில். உண்டான கரண்ட் முழுவதையும் சுழலுகிற செப்புத் துண்டுகளின் மேல் உரசும் இரண்டு கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். பொறி பறக்கும், தேயும், சுடும். ஆர்மேச்சர் கனம். ரொம்ப வேகமாகச் சுற்றினால் அதில் கட்டியிருக்கும் கம்பிகள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதனால் மெதுவாகத்தான் சுற்ற வைப்பார்கள். மெதுவாகச் சுற்றினால், இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது, பேட்டரியைவிட டைனமோவின் வோல்டேஜ் குறைந்துவிடும். அப்போது பேட்டரியிலிருந்து டைனமோவுக்கே கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்க ஒரு பெட்டி. நம் மெக்கானிக்குகள் அதை 'கட்அவுட்' என்பார்கள். சினிமா கட்அவுட் இல்லை.

ஆல்டர்னேட்டர் இதையே தலைகீழாகச் செய்கிறது. சுழல்வது காந்தம். மின்சாரம் பிறப்பது வெளியே அசையாமல் நிற்கிற சுருளில். பிரஷ் வழியாகப் போவது காந்தத்தை உண்டாக்கத் தேவையான இரண்டு மூன்று ஆம்பியர்தான். தேய்மானம் குறைவு. சின்ன புல்லி போட்டு டைனமோவைவிட வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலும் ஏதாவது கொடுக்கும். பிறப்பது ஏ.சி. பேட்டரிக்குத் தேவை டி.சி. மாற்றுவதற்கு ஆறு டயோடுகள். இவ்வளவு நல்ல சமாசாரத்தை ஏன் முதலிலேயே போடவில்லை என்றால், அந்த டயோடுதான் காரணம். சிலிக்கான் டயோடு மலிவாகிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960-ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் போட்டது. பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். மாரிஸ் மைனருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

டயோடு ஒரு வழிப் பாதை என்பதால் கட்அவுட் தேவையில்லை. ரெகுலேட்டர் மட்டும் வேண்டும். பின்னால் வந்த ஆல்டர்னேட்டர்களில் அதையும் தீப்பெட்டி அளவில் உள்ளேயே வைத்துவிட்டார்கள்.

சரி, எத்தனை ஆம்பியர் வாங்குவது?

மாமாவுக்கு ஒரு தாளில் வரவு செலவு போட்டுக் காட்டினேன். ரிடையர்டு அக்கவுண்டன்ட் என்பதால் அந்த பாஷை அவருக்குப் புரியும். வரவு: சி-39 டைனமோ, முழு வேகத்தில் 19 ஆம்பியர். ஐடிலில் பூஜ்யம். செலவு: ஹெட்லைட்டில் அந்தக் காலத்துப் பல்பு டிம்மில் 36 வாட். மாமாவின் பையன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது 'அப்பா கண்ணுக்கு நல்லது' என்று ஹாலோஜன் மாட்டிவிட்டுப் போனான். டிம்மில் 55 வாட். இரண்டுக்கு 110. சின்ன விளக்குகள், மீட்டர் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 140 வாட்டை 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 ஆம்பியர். இக்னிஷன் காயில் 3. டிக் டிக் என்று அடிக்கும் எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் 1. வைப்பர் 3. மாமிக்காக வைத்திருக்கும் குட்டி ஃபேனும் செல்போன் சார்ஜரும் 3. ஆச்சா, 22. பிரேக் மிதித்தால் இன்னும் மூன்றரை.

வரவு 19, செலவு 22லிருந்து 25 வரை. அதிலும் வரவு வருவது ஓடும்போது மட்டும். சிக்னலில் நிற்கும்போது சம்பளமே கிடையாது, செலவு மட்டும் நிற்காது. மிச்சத்தைப் பேட்டரி என்ற சேமிப்புக் கணக்கிலிருந்துதான் எடுக்கிறோம். 1957-ல் இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மங்கல் பல்பு, காலி ரோடு, மவுன்ட் ரோடில் இரண்டு சிக்னல். டைனமோ மட்டமான பொருள் இல்லை. காலம் மாறியது, சம்பளம் மாறவில்லை.

மாமா தாளைப் பார்த்துவிட்டு, 'ஃபேனை எடுத்துடலாமே' என்றார்.

செலவைக் குறைப்பதும் ஒரு வழிதான், கேலி பண்ண மாட்டேன். பகலில் மட்டும் ஓட்டுகிற பழைய கார்க்காரர்கள் ஆல்டர்னேட்டர் மாற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. டைனமோவுக்கு புது பிரஷ், பின்பக்கம் புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய், வீட்டில் ஒரு பேட்டரி சார்ஜர். போதும். மாமா பகலில் மட்டும் ஓட்ட மாட்டார் என்பதுதான் விஷயம்.

பெருசாக வாங்குவோம் என்று கிளம்பினவன் என் சித்தி பையன். கார் ஆசாமி. '90 ஆம்பியர் போட்டுடலாம் அண்ணா, வாங்கறதுதான் வாங்கறோம்' என்றான். கல்யாணத்துக்கு இருநூறு பேர் வருவார்கள் என்றால் ஆயிரம் இலை வாங்குகிற புத்தி. 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எப்போதும் 90 ஆம்பியரைத் தள்ளிக்கொண்டிருக்காது. கேட்டதைத்தான் கொடுக்கும். ஆனால் பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும் நாளில் அது தாகத்தோடு கேட்கும், இதுவும் தாராளமாகக் கொடுக்கும். அத்தனையும் 1957-ல் 19 ஆம்பியருக்காகப் போட்ட ஒயரில் ஓடினால்?

இன்னொரு கணக்கு. 90 ஆம்பியர், 14 வோல்ட், 1260 வாட். ஆல்டர்னேட்டர் திறமைசாலி இல்லை, ஏறக்குறைய பாதியை உஷ்ணமாக விட்டுவிடும். ஆகவே இன்ஜினிலிருந்து மூன்று குதிரையை அவிழ்த்துக்கொள்ளும். நம்மிடம் இருந்ததே 37. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியதில் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றனவோ! அந்த மூன்று குதிரையையும் இழுக்க வேண்டியது விரல் தடிமன் இருக்கும் ஒற்றை ஃபேன் பெல்ட். அது வழுக்கும். பெல்ட்டை இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் அழும்.

புதுப்பேட்டைக்குப் போனோம். அந்த ஊரைப் பற்றின பழைய ஜோக்குகளை விட்டுவிடுவோம். ஆட்டோ எலக்ட்ரிகல் வேலையில் நாற்பது வருஷம் ஊறின ஒரு பாய் அங்கே இருக்கிறார். கடை என்று சொல்ல ஒரு பெஞ்சும் ஒரு பல்பும். டெஸ்ட் லாம்ப் அவர் கையில் ஆறாவது விரல் மாதிரி. ஆல்டர்னேட்டர்கள் பலாப்பழம் மாதிரி குவிந்து கிடந்தன.

'எல்லாரும் மாருதி 800-து கேப்பாங்க சார். சின்னது, வெயிட் கம்மி, ரெகுலேட்டர் உள்ளயே. ஆனா இதுக்குக் காது எடம் மாறும். பிராக்கெட் வெல்டிங் பண்ணணும். பழைய இன்ஜின்ல வெல்டிங் பிராக்கெட் ஆடும், ஆடினா ஒடையும்' என்றார் பாய். பிறகு குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். லூகாஸ் டிவிஎஸ், ஏ-115 ரகம். அம்பாசடர் காரில் இருந்தது. அம்பாசடர் இன்ஜினும் மைனர் இன்ஜினும் அளவில்தான் வேறு, இரண்டும் பி.எம்.சி. குடும்பம். டைனமோ தொங்கின இடத்திலேயே இதைத் தொங்கவிடலாம். நீளம் குறைவு என்பதால் பின்பக்கக் காதுக்கு லேத்தில் ஒரு புஷ் கடைந்து இட்டு நிரப்ப வேண்டும். மற்றபடி இன்ஜினில் ஒரு ஓட்டை கூடப் புதிதாகப் போட வேண்டாம்.

இதில் 36 ஆம்பியரும் உண்டு, 45-ம் உண்டு. பாய் 36 போதும் என்றார். நான் 45 கேட்டேன். தகட்டில் எழுதியிருப்பது ஆல்டர்னேட்டர் 6000 சுற்று சுற்றும்போது கொடுப்பது. ஐடிலில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது. 36 என்றால் 12, 45 என்றால் 15. டோல்கேட் வரிசையில் மாமா நிற்கும்போது அந்த மூன்று ஆம்பியர்தான் வைப்பர். பாய் யோசித்துவிட்டு, 'சரிதான். பெல்ட் தாங்கும்' என்றார். பழைய காருக்கு ஆல்டர்னேட்டர் தேடுகிறவர்களுக்கு என் சிபாரிசு, தகட்டில் இருக்கும் பெரிய நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதே. ஐடிலில் என்ன கொடுக்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லாமல் டீ சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் பாய் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டார். 'ஐயா, வண்டி பாடி எர்த் பாசிட்டிவ்தானே?'

இதைக் கேட்காத எலக்ட்ரீஷியனிடம் பழைய பிரிட்டிஷ் காரைக் கொடுக்காதீர்கள். இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். மைனர் மாதிரி அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனை. ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது. பழைய ஞாபகத்தில் பேட்டரியை ஒரு கணம் திருப்பி மாட்டினால் போதும், ஆறு டயோடும் அங்கேயே காலி. ஆகவே முழுக் காரையும் மதம் மாற்ற வேண்டும்.

கேட்கத்தான் பயங்கரம். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செல்ஃப் மோட்டார் திசை மாறிச் சுற்றாதா என்று மாமா கவலைப்பட்டார். சுற்றாது. அதில் நிரந்தரக் காந்தம் கிடையாது, உள்ளே சுற்றுவதும் வெளியே நிற்பதும் இரண்டுமே கம்பிச் சுருள். கரண்ட் திரும்பினால் இரண்டும் சேர்ந்து திரும்பும், சுற்றும் திசை பழையபடி. அந்தக் காலத்து வைப்பர் மோட்டாரும் அப்படியே. பல்புக்கும் ஹார்னுக்கும் எந்தப் பக்கம் வந்தால் என்ன? இக்னிஷன் காயிலில் மட்டும் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி மந்தமாகும். பெட்ரோல் பம்பில் பின்னால் யாராவது டயோடு வைத்த புது பாகம் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மாமாவின் பம்ப் ஆதிகாலத்தது, கவலையில்லை. பேட்டரி கிளாம்ப் மாற்ற வேண்டும். பாசிட்டிவ் முனை கொஞ்சம் பருமன் என்று கவனித்திருக்கிறீர்களா?

நான் பயந்தது ஒயருக்குத்தான். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு ஒயரை பாய் லேசாக வளைத்தார். மேலே பருத்தி நூல் பின்னல் அழகாக இருந்தது. உள்ளே இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது. செப்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. அதை மாமாவிடம் நீட்டினார். 'இது மேல ஆல்ட்ரனேட்டர் மாட்டினா என் பேரு கெட்டுடும் ஐயா' என்றார்.

மைனரில் மொத்தமே இரண்டு ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. 19 ஆம்பியர் டைனமோ இருந்தவரை, கோளாறு வந்தாலும் ஓரளவுக்கு மேல் கொடுக்க அதனிடம் சரக்கில்லை. அதுவே ஒரு பாதுகாப்பு, பேட்டரி பக்கம் ஷார்ட் ஆகாத வரைக்கும். அந்த ஒயரின் மேல் 45-ஐ ஏற்றுவதென்றால் முதலில் செலவழிக்க வேண்டியது ஒயருக்கு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 6 சதுர மில்லிமீட்டர் செப்பு, நடுவில் ஒரு பெரிய ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, தனித்தனி ஃபியூஸ். விளக்கின் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ரிலே போட்டதும் ஸ்விட்ச் வெறும் உத்தரவு கொடுக்கும், கரண்ட் குறுக்கு வழியில் போகும். ரிலே மாட்டினதிலேயே ஹெட்லைட் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடிற்று.

மொத்த பில்லில் ஆல்டர்னேட்டர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் ஒயரும் கூலியும்.

வின்டேஜ் பக்தர்கள் இந்த இடத்தில் பத்திரிகையைத் தூக்கி எறிவார்கள் என்று தெரியும். ஒரிஜினல் போச்சே! கொல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திய பழைய கார் ராலி மாதிரி இடங்களில் நடுவர்கள் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவைக்கூடப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே டைனமோவின் உருளைக் கூட்டுக்குள் ஆல்டர்னேட்டரை ஒளித்து விற்கிறார்கள். வெளியே பார்த்தால் தாத்தா, உள்ளே பேரன். விலைதான் நம் மாதிரி ஆட்களுக்கு இல்லை. அரசாங்கமும் 2021-ல் ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. ஆல்டர்னேட்டர் அந்த மூன்றில் எதையும் தொடவில்லை. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் அன்றாட உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக்கூடாது. மாமா அதைப் படித்துவிட்டு, 'கார் வாங்கறது ஓட்டறதுக்கு' என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

டைனமோவைத் தூக்கிப் போடவில்லை. பாய் அதைத் துடைத்து, பிரஷ் எடுத்து, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்அவுட் பெட்டி பழைய இடத்திலேயே இருக்கிறது. உள்ளே வேலை எதுவும் இல்லை, ஒயர்கள் சந்திக்கிற ஜங்ஷன் மட்டும். இரண்டு மணி நேரம் கொடுத்தால் பாய் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடுவார். டைனமோ திரும்பினால் அதற்கு மறுபடி எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃபீல்டு முனையில் பேட்டரி ஒயரால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும், உள்ளே இருக்கிற இரும்பு அந்தத் திசையை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

வேலை முடிகிற நேரத்தில் சித்தி பையன் டாஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்குக்கு எல்.ஈ.டி. பல்பு போட வந்தான். பாய் கையைத் தட்டிவிட்டார். அந்த 2.2 வாட் பல்பு அலங்காரத்துக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் அதன் வழியாகப் போகும் கொஞ்சம் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரின் காந்தத்தை எழுப்பிவிடுகிறது. எல்.ஈ.டி. போட்டால் அந்தக் கரண்ட் போதாது. ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே சுற்றும். பழைய பல்பு ஃபியூஸ் ஆனாலும் அதே கதி. 'ரெண்டு பல்பு எக்ஸ்ட்ரா வாங்கி டாஷ்ல போட்டு வைங்க ஐயா' என்றார்.

அடுத்த மாதம் காஞ்சிபுரம் போனபோது மாமி பஸ்ஸில் போகவில்லை. திரும்பி வரும்போது வேண்டுமென்றே இருட்டவிட்டுக் கிளம்பினார் மாமா. பூந்தமல்லிக்கு முன்னால் டிராஃபிக்கில் கால் மணி நேரம் நின்றோம். ஹெட்லைட் வெள்ளையாக எரிந்தது. ஃபேன் ஓடியது. மாமி பின்னால் தூங்கிவிட்டாள்.

மாமாதான் சந்தோஷமாக இல்லை. டைனமோ இருந்தபோது வண்டி நின்றால் டாஷில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் அணையும். அறுபது வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் சிக்னலில் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது எரிவதே இல்லை.

'இன்ஜின் ஓடறதா நின்னுடுத்தான்னே தெரியலையேடா' என்றார் மாமா, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே.